பெருங்குடும்பத் திட்டம்

மீரான் சாகிபு தன் மனைவியிடம் கடைசியாகப் பேசியது முருங்கைக்காயைப் பற்றித்தான்.

தை மாதத்துச் சந்தை நாள். காலை பத்தே முக்கால் இருக்கும். செக்காலை ரோட்டில் இருந்த கடையிலிருந்து வீட்டுக்கு நடந்தால் ஆறு நிமிஷம். ஆனாலும் எதையும் குரலில் பதிவு செய்து செல்போனில் அனுப்பினால்தான் அவருக்குச் சொன்ன மாதிரி இருக்கும். அஜீஸா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையெல்லாம் மாவு. முழங்கையால் தட்டித்தான் அதைக் கேட்டாள்.

"அஜீஸா, சோணையம்மா அக்கா ஒரு கட்டு முருங்கைக்காய் குடுத்துட்டுப் போயிருக்கு. மத்தியானம் வரயில கொண்டாறேன். சாம்பாருன்னு கெளம்பிராத. கருவாடு கெடக்குல்ல, அதை ஊறப் போட்டு வையி. பிரிண்டருக்கு மை தீந்துபோச்சு, அதை வாங்கிட்டு ஒன்றரைக்குள்ள வந்துர்றேன்."

அதற்குப் பிறகும் அவர் பேசினார். ஏதோ சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்க, அவள் ஓடினாள். திரும்பி வந்து கையைக் கழுவிவிட்டு, "சரி மச்சான்" என்று எழுதி அனுப்பினாள். எதற்குச் சிரித்தார் என்று கேட்கவில்லை. சாப்பிட வருவார், கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

மை விற்கிற கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாராம். கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

அவர்கள் வைத்திருந்தது ஜெராக்ஸ் கடை. மகள் பெயரில் 'பெனாசிர் ஜெராக்ஸ்' என்று போர்டு. பெனாசிர் கல்யாணமாகித் திருச்சிக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா, பென்ஷன் என்று எந்த மனுவுக்கும் ஜனங்கள் அங்கேதான் வருவார்கள். அஜீஸா வீட்டு வேலையை முடித்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் வந்து தட்டச்சு செய்வாள். தமிழ் டைப்பிங்கில் உயர்நிலை தேறியவள். மீரான் சாகிபுவுக்கு வேலை பேசுவது.

வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். கையில் இருப்பதோ பட்டன் போன். அவர்களுக்காகத்தான் அவர் ஆறு வருஷம் முந்தி 'ஓரிமா' செயலியில் சேர்ந்தார். உலகம் முழுக்கக் கிளை பரப்பிய பெரிய கம்பெனி அது. படமோ குரலோ எதை அனுப்பினாலும் தன்னிடமே பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னது. அதில் 'பெருங்குடும்பத் திட்டம்' என்று ஒன்று இருந்தது. ஒருவர் குடும்பத் தலைவராகச் சேர்ந்து வருஷச் சந்தா கட்டினால், அவருக்குக் கீழே ஐம்பது உறவினர் வரை சேரலாம். 'உங்கள் குடும்பம் எவ்வளவு பெரியது? அதை நீங்களே சொல்லுங்கள்!' என்று விளம்பரம்.

மீரான் சாகிபு சொன்னார். நாற்பத்தொரு பேரைச் சேர்த்தார். அஜீஸாவும் பெனாசிரும் போக மற்ற எல்லாரும் வாடிக்கையாளர்கள்தான். ஒவ்வொரு பெயருக்கும் நேரே 'உறவுமுறை' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். அவர் யோசிக்கவே இல்லை. வாயால் எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே போட்டார். வலையபட்டி மருது, தாய்மாமன். அவர் மனைவி அக்கம்மாள், அக்காள். சோணையம்மாள், அக்காள். காசி, சித்தப்பா. எல்லாருக்கும் கடவுச்சொல் போகிற எண் அவருடைய எண்தான்.

"இதெல்லாம் பின்னால வம்பாகாதா மச்சான்?" என்று அஜீஸா கேட்டதுண்டு.

"என்ன வம்பு? மருது மாமாவை நான் மாமான்னு சொல்லாம, வாடிக்கையாளர்னா கூப்பிடுவேன்?"

சந்தை நாளில் காலையிலேயே கடைக்கு வருவார்கள். பிள்ளை அனுப்பியதைக் கேட்பார்கள். பதிலைப் பேசுவார்கள். டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

அவர் போன பிறகு அஜீஸா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் வீட்டோடு துக்கம் காக்கும் நாலு மாதம் பத்து நாள். வெளியே போகவில்லை, கடை பூட்டிக் கிடந்தது. அவருடைய போனை அணைத்து, ஒரு கைக்குட்டையில் சுற்றி, பீரோவில் வைத்தாள். ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த அதை அணைத்து வைப்பதுதான் மரியாதை என்று பட்டது. தன் போனுக்கு வந்திருந்த அந்தக் கடைசிப் பதிவையும், இத்தா முடிந்து கேட்கலாம் என்று திறக்காமலே வைத்திருந்தாள். தொண்ணூறு நாள் பயன்படுத்தாத எண்ணைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஊராருக்கெல்லாம் சொன்னவளே அவள்தான். ஆனால் துக்கத்தில் இருக்கிறவள் நாட்களை எண்ணுவது வேறு கணக்கு. நூற்று முப்பதை எண்ணியவள் தொண்ணூறைத் தவறவிட்டாள்.

இத்தா முடிந்து போனைத் திறந்தபோது, எண்ணைச் சரிபார்க்கச் சொன்னது ஓரிமா. எண் செத்துப்போயிருந்தது. அவளுடைய போனில் பார்த்தால், 'குடும்பத் தலைவர் சரிபார்க்கப்படவில்லை. உறுப்பினர் கணக்குகள் நிறுத்தப்பட்டன' என்று வந்தது. முருங்கைக்காய்ப் பதிவும், அதற்கு முந்திய ஆறு வருஷமும் அந்த ஒரு வரிக்குப் பின்னால் போய்விட்டன.

கம்பெனிக்கு எழுதினாள். மறு நொடியே ஒரு இயந்திரம் பதில் சொன்னது: 'உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்.' கீழே கும்பிடும் கைகள். அதற்கும் கீழே, மனிதர் ஒருவருடன் பேச விரும்பினால் சிறப்புச் சேவைக்குக் கட்டணம் செலுத்தலாம் என்று இருந்தது. வருத்தம் மட்டும் இலவசம்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள், ஏனென்று தெரியாமல், அவருடைய எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது.

"யாருங்க?" என்றது ஒரு முரட்டுக் குரல். பின்னால் ஆடு கத்தியது.

"இது… மீரான் சாகிபு நம்பரு."

"ஆமாத்தா, எல்லாரும் அப்பிடித்தேன் சொல்றாக. நான் நெற்குப்பை சோணைமுத்து, ஆட்டு யாவாரி. இந்த நம்பரை வாங்கிப் பத்து நாளு ஆகல, அதுக்குள்ள வருமானச் சான்றுக்கு என்னென்ன கொண்டாரணும்னு எனக்கு மனப்பாடம் ஆயிப்போச்சு. நேத்து ஒரு பெரியவரு, பென்ஷன் ஏன் வரலைன்னு என்னையப் பிடிச்சு அந்தக் காய்ச்சு காய்ச்சுறாரு. ஒங்களுக்கு என்ன சான்று?"

"நான் அவுக வீட்டுக்காரி."

அவர் ஆட்டை அதட்டிவிட்டுக் குரலைத் தணித்தார்.

"பாயி இருக்காகளா தாயி?"

"மவுத்தாயிட்டாக."

"அடக் கடவுளே! வெளியூரு போயிருக்காக, வந்துருவாகன்னுல்ல நான் எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருக்கேன்!"

அஜீஸா சிரித்துவிட்டாள். தை மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

விஷயத்தைச் சொன்னதும், அடுத்த சந்தைக்கே சோணைமுத்து கடைக்கு வந்தார். ஓரிமா அனுப்பிய ஆறு இலக்க எண்ணை, ஆட்டு விலை சொல்வதுபோல ஒவ்வொன்றாக உரக்கச் சொன்னார். அக்கம்மாளும் சோணையம்மாளும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். அஜீஸா தட்டினாள். திரை திறந்தது, திறந்த வேகத்தில் சிவந்தது. 'ஒரே எண்ணில் நாற்பத்தொரு உறுப்பினர்கள். குடும்பத் தலைவர் பொய்யான உறவுமுறைகளைப் பதிவு செய்துள்ளார். கணக்கு முடக்கப்படுகிறது.'

"என்னவாம்?" என்றாள் அக்கம்மாள்.

"நீங்க எங்களுக்குச் சொந்தம் இல்லையாம் அக்கா."

"அதைச் சொல்ல அவென் யாரு?"

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. விதிமீறல் காரணமாக எல்லாப் பதிவுகளும் நிரந்தரமாக அழிக்கப்பட்டுவிட்டன என்று. அந்த வருஷச் சந்தாவை அதற்கு முந்தின மாதம்தான் வங்கியிலிருந்து தானாக எடுத்திருந்தார்கள். உறவு பொய் என்றால் சந்தா மட்டும் எப்படி நிஜமாயிற்று என்று அவளுக்கு விளங்கவில்லை.

"விட்ரும்மா. அவ்வளவு பெரிய கம்பெனியோட நம்ம எப்பிடி மல்லுக்கட்டுறது?" என்றாள் பெனாசிர், போனில்.

"ஒங்க அத்தாவைப் பொய் சொன்னவருன்னு கம்பெனிக்காரன் எழுதியிருக்கான், பெனாசிர்."

"அப்ப விடாதம்மா" என்றாள் பெனாசிர்.

இருபத்திரண்டு வருஷமாக ஊராருக்கு மனு அடித்தவள், முதல் தடவையாகத் தனக்கு அடித்தாள். சிவகங்கையில் இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு. ஒரே பாதிப்புள்ளவர்கள் சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கலாம் என்று சட்டத்தில் இருந்தது. வக்கீல் வேண்டாம், தானே பேசலாம் என்றும் இருந்தது. கடையில் வரிசையாக நின்று கையெழுத்துப் போட்டார்கள். அக்கம்மாள் இரண்டு முறை கைநாட்டு வைத்தாள். ஒன்று தனக்கு; இன்னொன்று, மீரான் சாகிபுவுக்கு ஒரு வருஷம் முந்திப் போய்ச் சேர்ந்த மருதுவுக்கு. கத்தாரில் இருக்கும் மகன் முத்துக்கண்ணனுக்கு மருது பேசியதெல்லாம் அந்தக் கணக்கில்தான் இருந்தது. மகன் போனிலும் இல்லை. குடும்பக் கணக்கு நின்றதும் அங்கேயும் மறைந்துவிட்டது.

விசாரணை நாளில் சிவகங்கை பஸ்ஸில் பாதியை இவர்களே நிறைத்தார்கள். கம்பெனிக்காகச் சென்னையிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார். இளவயது, நல்ல மரியாதை. எழுந்து சொன்னார்: "இது குடும்பத்துக்கான திட்டம். இறந்துபோன மீரான் சாகிபு முஸ்லிம். பட்டியலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். அதோடு உறவுமுறையே முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறது. மருது என்பவரைத் தாய்மாமன் என்கிறார். அவருடைய மனைவியை அக்காள் என்கிறார்."

ஆணையத் தலைவராக இருந்த அம்மாள் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "தாய்மாமனுக்கு அக்காவைக் கட்டிக் கொடுத்திருக்காங்க. இதுல என்ன முரண்?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. வக்கீலும் சிரித்துவிட்டு, "எனக்கும் அப்படித்தான் அம்மா ஆகியிருக்க வேண்டியது, தப்பிச்சேன்" என்று மெல்லச் சொன்னார். அதற்கும் சிரித்தார்கள். அஜீஸாவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் சம்பளத்துக்குப் பேசுகிறார்.

"இவங்க எல்லாம் உங்களுக்கு என்ன உறவு?" என்று தலைவர் அஜீஸாவைக் கேட்டார்.

அஜீஸா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கம்மாள் பின்வரிசையிலிருந்து எழுந்துவிட்டாள். "தாயி, எங்க வீட்டுக்காரரு செத்தப்ப, தம்பி மூணு நா கடையைத் தெறக்கல. இன்னும் என்ன உறவு வேணும்?"

"உக்காருங்கம்மா" என்றார் தலைவர். குரலில் கண்டிப்பு இல்லை.

அஜீஸா விளம்பரத்தின் பிரதியை நீட்டினாள். "குடும்பம் எவ்வளவு பெருசுன்னு எங்களையே சொல்லச் சொன்னாங்கம்மா. அவுக சொன்னாக. சொன்னதை ஏத்துக்கிட்டு ஆறு வருஷம் சந்தா வாங்கினாங்க. உயிரோட இருந்தவரைக்கும் கேக்காத கேள்வியை, செத்தப்புறம் கேக்குறாங்க."

மூன்று வாய்தா இப்படிப் போனது. பதிவுகளை அழித்துவிட்டதாகக் கம்பெனி உறுதிமொழிப் பத்திரமும் தாக்கல் செய்தது. அதைப் படித்த அன்றைக்கு அஜீஸா கடையைச் சீக்கிரமே பூட்டினாள். அழிந்ததை யார் தருவார்கள்? இனிமேல் மச்சான் பொய்யர் இல்லை என்று ஒரு தாள் கிடைத்தால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

நாலாவது வாய்தாவுக்கு ஒரு வாரம் முன்னால் மின்னஞ்சல் வந்தது. காலை நேரம், கடையில் ஆள் இல்லை. மனிதாபிமான அடிப்படையில், மீரான் சாகிபுவின் கணக்கிலுள்ள 3,118 குரல் பதிவுகளையும் அவருடைய மனைவிக்கு மட்டும் ஒப்படைக்கக் கம்பெனி தயார். பதிலாக அவர் புகாரிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். மற்றவர்களிடம் இதைப் பற்றிப் பேசக்கூடாது. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் 'சம்மதம்' என்று பதில் அனுப்பினால் போதும்.

அவள் 'சம்மதம்' என்று தட்டினாள்.

தட்டிவிட்டு அனுப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டு. கடைசிப் பதிவில் அவர் எதற்குச் சிரித்தார் என்று இன்றைக்கே தெரிந்துவிடும். அந்த ஒன்று போதும். மற்றதெல்லாம் பிறகு. விரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. அப்போதுதான் அக்கம்மாள் வெற்றிலைப் பையோடு உள்ளே வந்தாள். அஜீஸாவுக்கு மறைக்கத் தெரியவில்லை. படித்துக் காட்டினாள்.

அக்கம்மாள் வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டாள். "அப்பொறம் என்ன, வாங்கிக்க."

"ஒங்களுக்கெல்லாம் கெடைக்காதுக்கா."

"கெடைக்காட்டிப் போகுது. நாங்க என்ன கோவிச்சுக்கவா போறோம்? நீ சின்னவ. எனக்கு அந்த மனுசென் பேசுனது இன்னும் காதுலயே கெடக்கு. வாங்கிக்க தங்கச்சி."

சொல்லிவிட்டு அக்கம்மாள் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டாள். காதில் கிடக்கிறது என்பது பொய். போன மாதம்தான், 'அந்த ஆளு கொரலு எப்பிடி இருக்கும்னே பிடிபட மாட்டேங்குது' என்று இதே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள்.

அஜீஸா மறுபடியும் கடிதத்தைப் பார்த்தாள். மனு அடித்துப் பழகிய கண், வரியை விட்டு எண்ணில் போய் நின்றது.

"அக்கா, அழிச்சுப்புட்டோம்னு சத்தியம் பண்ணுனாகல்ல?"

"ஆமா."

"அழிச்சுப்புட்டா 3,118ன்னு எப்பிடி எண்ணுனாக?"

அக்கம்மாள் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். "அடப் பாவிகளா! வச்சுக்கிட்டா இல்லேன்னாங்கெ?"

'சம்மதம்' என்பதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். பிறகு கடிதத்தை அச்செடுத்தாள். பிரிண்டரில் மை மங்கலாக இருந்ததால் இரண்டு பிரதி எடுத்தாள்.

சிவகங்கையில் அதை நீட்டியதும் வக்கீல் எழுந்தார். "இது சமரசப் பேச்சு. இதைச் சாட்சியமாகக் காட்டக்கூடாது."

"சமரசம் அப்படியே இருக்கட்டும்" என்றார் தலைவர். "எல்லாப் பதிவும் இருக்கா, இல்லையா? உங்க கட்சிக்காரர் போட்ட உறுதிமொழி என் கையில இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

வக்கீல் மதியம் வரை நேரம் கேட்டார். மதியம் வந்து, "இருக்கிறது" என்றார்.

தீர்ப்பு பங்குனியில் வந்தது. எல்லாருடைய பதிவுகளையும் நாற்பத்தைந்து நாளில் ஒப்படைக்க வேண்டும். இறந்தவர்களின் குடும்பத்தார் எளிதாக அணுகக் கட்டணமில்லாத வழியொன்றை ஏற்படுத்த வேண்டும். கம்பெனி பாதிக்குத்தான் பணிந்தது. உறுப்பினர்களுக்கு, அவரவர் பதிவு செய்ததை மட்டும் கொடுத்தது. குடும்பத் தலைவர் விதியை மீறியவர், அவருடைய பதிவுகளைத் தர முடியாது என்று சென்னையில் மேல்முறையீடு செய்தது.

ஆக, அஜீஸாவுக்கு வந்தது அஜீஸாவின் குரல் மட்டும். 'ம்.' 'வாங்க.' 'நான் என்னத்தைக் கண்டேன்?' 'அய்யே, போங்க மச்சான்.' கேள்வி எதுவும் இல்லாமல் பதில்களாகவே ஆறு வருஷம். நாலைந்துக்கு மேல் அவளால் கேட்க முடியவில்லை.

சந்தை நாளன்று அக்கம்மாள் வந்தாள். மருதுவின் பதிவுகளைப் போடச் சொன்னாள். அஜீஸா முதல் பதிவைத் திறந்து, சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, எழுந்து போகப் பார்த்தாள். அக்கம்மாள் தனியாகக் கேட்கட்டும் என்று.

"மாமா, இந்தப் பச்சையை அமுக்கிப் பிடி. வாயை அம்புட்டுக் கிட்டத்துல வைக்காத, அது என்ன குச்சி ஐஸா? ம், பேசு."

அஜீஸா நின்ற இடத்திலேயே நின்றாள்.

மருது இருமிவிட்டுப் பேசினார். மழையைப் பற்றி, மாட்டைப் பற்றி, மகன் அனுப்பிய சட்டை பத்தாமல் போனதைப் பற்றி. அக்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கடைசியில் மறுபடியும் அந்தக் குரல்: "போதும் மாமா, விட்ரு. மிச்சத்தை அடுத்த சந்தைக்கு வச்சுக்க. புள்ள கத்தாருல வேலை பாக்க வேணாமா?"

பட்டன் பிடிக்கத் தெரியாதவர்களுக்கெல்லாம் மீரான் சாகிபுதான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு பதிவின் தலையிலும் வாலிலும் அவர் இருந்தார். வீட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தவளுக்கு அது எப்படித் தெரியும்?

"இன்னொருக்கப் போடு தங்கச்சி, நடுவுல இருந்து" என்றாள் அக்கம்மாள்.

"மொதல்ல இருந்தே போடுறேன்க்கா."

சோணையம்மாள் வந்தாள், காசி வந்தார். இப்போது சந்தை நாளில் யாராவது ஒருவர் வந்து தன்னுடையதைப் போடச் சொல்கிறார்கள். "ஒனக்காகத்தேன் வந்தேன்" என்று யாரும் சொல்வதில்லை. காசி மட்டும் ஒருமுறை, "எங்க மக மீனாவுக்கு நான் பேசுனது இருக்கட்டும், பாயி என்னைய வைவாகளே, அதைப் போடு" என்று கேட்டு வாங்கிக் கேட்டுவிட்டுப் போனார்.

சென்னையில் வழக்கு நடக்கிறது. அடுத்த வாய்தா ஆடியில். 3,118 பதிவுகளும் இன்னும் கம்பெனியிடம்தான். அவர் எதற்குச் சிரித்தார் என்று அஜீஸாவுக்கு இன்னும் தெரியாது. மேல்முறையீட்டுக்கான பதிலை இப்போது அவளே தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள். கடையில் அவர் உட்காரும் சுழல் நாற்காலியில்தான் உட்கார்கிறாள். அதன் உயரத்தை அவள் குறைக்கவில்லை. கால் தரையில் எட்டுவதில்லை.